ராத்திரி சார்ஜ் போட்டால் மலிவா? வேலூரில் மின்சார காரை எந்த மீட்டரில் செருகுவது

காட்பாடி காந்தி நகரில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர், கார் வாங்கிய நாளிலிருந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சார்ஜரைச் செருகிவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். "நடுராத்திரியில போடுங்கப்பா, ரேட்டு ரொம்பக் கம்மி" என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து பில் வந்தது. என்னைக் கூப்பிட்டு நீட்டினார். "இன்னாப்பா இது? தூக்கத்த கெடுத்துக்கினு போட்டதுக்கு ஒரு பைசா கூட கொறையலையே!"

மகள் சொன்னது பொய்யில்லை. அவள் ஊருக்கு அது சரி. அங்கே மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கென்றே தனித் திட்டங்கள் இருக்கின்றன. ஆக்டோபஸ் என்ற நிறுவனத்தின் திட்டம் ஒன்றில் இரவு 11.30 முதல் காலை 5.30 வரை கட்டணம் பல மடங்கு இறங்கும். ஆனால் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். அரை மணிக்கு ஒரு முறை ரீடிங் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். காரோ சார்ஜரோ அவர்கள் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். எப்போது சார்ஜ் ஏற்றுவது என்ற முடிவை அவர்கள் கையில் விட்டுவிட வேண்டும். அங்கே ராத்திரியில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், மின்சாரம் மிஞ்சும். மிஞ்சுவதைத் தள்ளிவிடத்தான் அந்த மலிவு.

நம் பக்கம் கதை தலைகீழ். மின்சாரம் மிஞ்சுவது சூரிய மின்சாரம் கொட்டும் பகலில். தட்டுப்பாடு மாலை ஆறு மணிக்கு மேல். தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையில் ஏ.சி. இல்லாமல் ராத்திரியைக் கடத்தியவர்கள் வேலூரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆகவே இந்தியாவில் நேரத்தை வைத்துச் சலுகை என்று பேச்சு வந்தால் அது பெரும்பாலும் பகல் சலுகைதான். அதற்கும் மேல், தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 2024 ஜூலை கட்டணப்படி நேரத்துக்கு ஒரு ரேட் என்பதே கிடையாது. நடுராத்திரி யூனிட்டும் நண்பகல் யூனிட்டும் ஒரே விலை.

இங்கே விலையை ஏற்றி இறக்குவது கடிகாரம் இல்லை, ஸ்லாப். அதாவது உபயோகம் கூடக் கூட யூனிட் விலை ஏறும் படிக்கட்டு. கார் குடிக்கும் யூனிட் உங்கள் வீட்டுக் கணக்கில் எத்தனையாவது யூனிட்டாகப் போய் விழுகிறது என்பதுதான் கேள்வி. இது பிடிபட்டால் கீழே வரும் நான்கு வழிகளில் எது உங்களுக்கானது என்று பாதி தெரிந்துவிடும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

ஒன்று, தகுதி. அந்த இணைப்போ சலுகையோ உங்களுக்குக் கிடைக்குமா? சொந்த வீடா வாடகையா, தனி வீடா அடுக்குமாடியா, கார் சொந்த ஓட்டத்துக்கா வாடகை ஓட்டத்துக்கா என்பதில்தான் முக்கால்வாசி பேர் வடிகட்டப்படுகிறார்கள்.

இரண்டு, கார் ஏற்றும் யூனிட்டின் உண்மையான விலை. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. கார் வருவதற்கு முன் பில் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு, அந்த வித்தியாசத்தைக் காரின் யூனிட்டால் வகுக்க வேண்டும்.

மூன்று, கார் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது.

நான்கு, கைமுதல்: ஒயரிங், டெபாசிட், கம்பம், மீட்டர்ப் பெட்டி வகையறா.

கணக்குக்காக ஒரு காரை வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர். மாதம் 143 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 286 யூனிட். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினம் போய்வந்து, மாதத்தில் ஒரு தடவை சென்னைக்கும் போய்வருபவர் ஓட்டம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

## வழி 1: இருக்கிற வீட்டு மீட்டரிலேயே

தகுதிப் பிரச்சினை இல்லாதது இதுதான். வீட்டில் சொந்த வண்டிக்கு ஏற்றும் மின்சாரத்துக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்பதை மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. விண்ணப்பம், சிறப்பு அனுமதி எதுவும் வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணமும் (எவ்வளவு ஓடினாலும் மாதாமாதம் வரும் தொகை) கிடையாது.

இனி ஸ்லாப். 2024 ஜூலை முதல் வந்த கட்டணத்தில், அரசு மானியம் போக நாம் கட்டுவது இப்படி: முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாத உபயோகம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. உபயோகம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501–600 வரை 8.40, 601–800 வரை 9.45, 801–1000 வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! என் வீட்டில் கார் வந்த முதல் பில்லிலேயே இந்தப் பள்ளத்தில் விழுந்தேன். 507 யூனிட். ரீடிங் எடுக்க வரும் முந்தின நாள் இரவு "எதுக்கும் இருக்கட்டும்" என்று பேட்டரியை முழுக்க நிரப்பி வைத்தது என் புத்திசாலித்தனம்.

கார் ஏற்றும் 286 யூனிட் வெவ்வேறு வீடுகளில் என்ன விலைக்குப் போய் முடிகிறது என்று பாருங்கள்:

| கார் இல்லாமல் வீட்டு உபயோகம் (2 மாதம்) | முன்பு பில் | காருடன் பில் | காரின் ஒரு யூனிட் விலை |
|---|---|---|---|
| 250 யூனிட் (ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி) | ரூ. 470 | ரூ. 2,342 | ரூ. 6.55 |
| 400 யூனிட் (ஒரு ஏ.சி.) | ரூ. 1,175 | ரூ. 3,693 | ரூ. 8.80 |
| 700 யூனிட் (இரண்டு ஏ.சி., சித்திரை வெயில்) | ரூ. 3,825 | ரூ. 6,723 | ரூ. 10.13 |

ஒரே கார், ஒரே ஓட்டம், ஒரே ஊர். கார் விற்கும் இடத்தில் "யூனிட் அஞ்சு ரூபாய் தான் சார்" என்று சொல்லும் கணக்கு இந்த மூன்று வீட்டில் எதற்கும் பொருந்தவில்லை. கோடையில் வீட்டு உபயோகமே மேலே போவதால், காருக்கான விலையும் கூடவே ஏறும். ஐப்பசி பில்லை வைத்து முடிவெடுத்தவர் வைகாசியில் திகைப்பார்.

ஓட்டம் குறைவென்றால் நிலைமை வேறு. மாதம் 500 கிலோமீட்டர்தான், வீட்டு உபயோகம் 350 யூனிட்தான் என்றால் மொத்தம் 493-இல் நின்றுவிடும். காரின் யூனிட் 5.74 ரூபாய்க்கு முடிகிறது. இப்படி 500-க்குள் அடங்குபவர்கள் வேறு எந்த வழியையும் படிக்கவே வேண்டாம். ரீடிங் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் மீட்டரை ஒரு பார்வை பார்த்தால் போதும். 480-ஐத் தாண்டியிருந்தால் ஆள் வந்து ரீடிங் எடுத்துப் போகும்வரை காரைக் கொஞ்சம் பட்டினி போடலாம்.

மறைந்திருக்கும் செலவு ஒயரிங்கில். காருடன் வரும் 15 ஆம்பியர் பிளக் சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும் என்பதுதான் விஷயம். கீசர் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், இது அணையாது. பழைய வீட்டில் போர்ட்டிகோவுக்கு இழுத்த மெல்லிய ஒயரில் இதைச் செருகினால் பிளக் சூடாகிப் பழுப்பேறும். மெயின் போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் ஆகியவற்றுக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். என் வீட்டில் வயர்மேன் "எர்த் எல்லாம் பக்காவா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தோண்டிப் பார்த்தால் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து பல வருஷம் ஆகியிருந்தது. அத்தனை நாள் அந்த வீட்டில் எந்த தைரியத்தில் கீசரைத் தொட்டோமோ தெரியவில்லை.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமா? பெரும்பாலோருக்கு வேண்டாம். தினம் 35 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 5 யூனிட். பிளக் சார்ஜரில் ஒன்றரை மணி நேர வேலை. 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே பேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்காக லோடு ஏற்றி, சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றி, டெபாசிட் கட்டி என்று போனால், மிச்சம் பிடிக்க நினைத்ததை விட அதிகம் கைவிட்டுப் போகும்.

ஒரு எச்சரிக்கை. வாடகைக்கு ஓடும் டாக்சியையோ கடை டெலிவரி வண்டிகளையோ வீட்டு மீட்டரில் ஏற்றாதீர்கள். அனுமதித்த உபயோகத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிடுவார்கள். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து.

## வழி 2: காருக்கென்று தனி சர்வீஸ்

மின்சார வண்டிக்கு சார்ஜ் ஏற்றத் தனி இணைப்பு கேட்டுப் பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. இதைக் கேட்டவுடன் பலர் மனதில் ஓடுவது: "அப்போ இன்னொரு 100 யூனிட் ஃப்ரீ!" அந்த ஆசையை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். வீட்டுக் கட்டண சர்வீஸ் குடித்தனத்துக்கு உரியது. கார் செட்டுக்குள் அடுப்பும் ஆளும் கிடையாது. தனி இணைப்பு என்றால் அது சார்ஜிங்குக்கு உரிய வேறு கட்டண வகையில் போகும், இலவச யூனிட் இல்லாமல்.

அந்த வகையில்தான் நேரக் கட்டணம் நுழைகிறது. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2024 செப்டம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல் சொல்வது: காலை 9 முதல் மாலை 4 வரை, அதாவது சூரிய நேரத்தில், சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்க ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கு. மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. 2028 மார்ச் 31 வரை இந்த ஏற்பாடு. சராசரி 8 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் பகலில் 5.60, ராத்திரியில் 10.40. காந்தி நகர் மாமா இந்த மாதிரி இணைப்பு வாங்கி அதே பன்னிரண்டு மணி அலாரத்தையும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தகுதியோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி: பகல் ஒன்பதிலிருந்து நான்கு வரை உங்கள் கார் வீட்டு வாசலில் நிற்கிறதா? ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், வீட்டை ஒட்டிக் கடையோ கிளினிக்கோ வைத்திருப்பவர்கள் ஆம் என்று சொல்லலாம். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வருபவருக்கு இந்தச் சலுகை ஒரு நாளும் கைக்கு வராது. உச்ச நேரத்து விலை மட்டும் தவறாமல் வரும்.

இந்த வழியின் பெரிய மறைசெலவு நிலைக்கட்டணம். உங்களுக்குத் தரப்படும் வகையில் கிலோவாட்டுக்கு மாதம் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4 கிலோவாட் லோடுக்கு இரண்டு மாதத்தில் 800 ரூபாய். அதை 286 யூனிட்டில் பரப்பினால் யூனிட்டுக்கு 2.80 ரூபாய் கூடிவிடும். காரைத் தொடாமல் ஊருக்குப் போன மாதத்திலும் அது வரும். அதனால் இ.பி. ஆபீஸில் "ரேட் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் கட்டண வகை, அதில் நிலைக்கட்டணம் உண்டா, எந்த மணிக்கு என்ன விலை, இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, மேலே உள்ள அட்டவணையில் உங்கள் வரிசையோடு ஒப்பிடுங்கள். 250 யூனிட் வீட்டுக்காரர் 6.55-ஐத் தோற்கடிப்பது கஷ்டம். 700 யூனிட் வீட்டுக்காரர் 10.13-ஐத் தோற்கடிப்பது எளிது.

அப்படித் தோற்கடித்தாலும் எவ்வளவு மிச்சம்? வருடத்துக்குக் கார் ஏற்றுவது 1,716 யூனிட். யூனிட்டுக்கு 2 ரூபாய் குறைந்தால் 3,432 ரூபாய். புது சர்வீஸ், பெட்டி, ஒயர், டெபாசிட் எல்லாம் சேர்ந்து 20,000 ஆனால், முதல் எடுக்க ஆறு வருடம். என் கருத்தைக் கேட்டால், ஒரே கார் வைத்திருக்கும் தனி வீட்டுக்காரருக்குத் தனி சர்வீஸ் அநேகமாக வீண் அலைச்சல். இரண்டு கார், அல்லது வாடகை ஓட்டம், அல்லது ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் பெரிய வீடு என்றால்தான் இந்தப் பக்கம் வரலாம்.

## வழி 3: கூரையில் சோலார், வீட்டு மீட்டரில் கார்

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். வெயில் இல்லாத வேலூர் என்று யாரும் சொன்னதில்லை. அந்த வெயில் முதன்முறையாக நமக்குக் காசாகும் இடம் இது.

பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீட்டு இணைப்புகளுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். தகுதி: உங்கள் பெயரில் வீட்டு சர்வீஸ், உங்கள் உரிமையில் கூரை, உள்நாட்டில் செய்த பேனல், தேசிய தளத்தில் பதிவு செய்த நிறுவனம். கார் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கார் இருந்தால்தான் கணக்கே இனிக்கிறது.

எப்படி என்றால், நெட் மீட்டரில் பகலில் நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட், ராத்திரி உள்ளே இழுத்த யூனிட்டிலிருந்து கழியும். கழிவது எந்த யூனிட்? மேலே இருக்கும் யூனிட். அதாவது 9.45, 8.40 என்று வலிக்கும் யூனிட்டுகள்தான் முதலில் மறையும். 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 10 யூனிட் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 600 யூனிட். கார் வந்து 686 ஆன வீட்டில் மிச்சம் 86. 3,693 ரூபாய் பில் ஏறக்குறைய காணாமல் போகும். வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல்.

அதே 400 யூனிட் வீட்டில் கார் இல்லை என்றால் வருட மின் கட்டணமே 7,050 ரூபாய்தான். மானியம் போக ஒரு லட்சம் கைவிட்டுப் போட்டால் முதல் வரப் பதினான்கு வருடம் ஆகும். கார் இருந்தால் ஐந்து வருடத்துக்குள் வந்துவிடும். சோலார் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வரும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. கார் இல்லாதவருக்கும் அதே ஐந்து வருடக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

பகலில் கார் வீட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது இதன் பெரிய வசதி. பகல் சலுகை கைக்கு வராத அலுவலகக்காரருக்கு, நெட் மீட்டர் பகலை ராத்திரிக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

மறைசெலவுகளும் உண்டு. பேனல் வெளிச்சத்தில் உழைக்கும், சூட்டில் சோர்ந்துபோகும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி கொதிக்கும்போது திறன் இறங்கும். பேனலுக்கு அடியில் காற்று ஓடும் உயரத்தில் சட்டம் போடச் சொல்லுங்கள், அதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள். தூசியை மாதம் இரண்டு தடவை கழுவ வேண்டும். பக்கத்து மனையில் நாளை மூன்று மாடி எழும்பினால் நிழல் விழும். இதற்கு எந்த வாரண்டியும் கிடையாது. இன்னொன்று, கரண்ட் போனால் சாதாரண நெட் மீட்டர் சோலாரும் கூடவே நின்றுவிடும். வெயில் அடிக்கும்போதே வீடு இருட்டாக இருக்கும்.

முக்கியமான கண்ணி: வழி 2-ஐயும் வழி 3-ஐயும் சேர்த்துச் செய்யாதீர்கள். நெட் மீட்டர் கழிப்பது எந்த சர்வீஸில் சோலார் மாட்டியிருக்கிறதோ அதில் மட்டும். காரைத் தனி சர்வீஸுக்கு மாற்றிவிட்டால் மாடியில் விளையும் யூனிட் காருக்கு உதவாது. ஒருவர் முதலில் தனி சர்வீஸும் ஆறு மாதம் கழித்து சோலாரும் போட்டுவிட்டு, இரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். எதைச் சொல்லி ஆறுதல் படுத்துவது என்றே தெரியவில்லை.

## வழி 4: வெளியே ஏற்றிக்கொள்வது

ஆபீஸில் சார்ஜர் இருந்தால் பேச்சே இல்லை, அதுதான் முதல் தேர்வு. தொழிற்சாலைகளின் உயரழுத்த இணைப்பில் காலை மாலை உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதலும், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. தமிழ்நாட்டில் "ராத்திரி மலிவு" என்பது உண்மையாக இருக்கும் இடம் இது, அதுவும் 5 சதவீதம்தான். நைட் ஷிப்ட்காரர்கள் நிர்வாகத்திடம் சார்ஜர் கேட்கும்போது இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்றும் டி.சி. சார்ஜர்கள் வேறு வகை. சென்னை–பெங்களூரு சாலை நம் வாசல் வழியாகவே போவதால் ஆளுக்கொரு ஹோட்டல் வாசலில் இருக்கின்றன. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து யூனிட் இருபது ரூபாயைச் சுற்றி வரும். 286 யூனிட்டுக்கு 5,700 ரூபாய்க்கு மேல். பார்க்கிங் இல்லாத சந்தில் குடியிருப்பவர்கள், மாதம் முந்நூறு கிலோமீட்டர் கூட ஓட்டாதவர்கள் இதிலேயே காலம் தள்ளலாம். மற்றவர்களுக்கு இது பயணத்துக்கு மட்டும்.

## வாடகை வீடு, அடுக்குமாடி

பாகாயம், தொரப்பாடி பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள். சப் மீட்டர் வைத்து யூனிட் ஒன்பது, பத்து என்று ஒரே ரேட்டாக வாங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. எரிச்சலாக இருக்கும். ஆனால் அட்டவணையைத் திரும்பப் பாருங்கள்: உங்கள் கார் இல்லாமலே அவர் மீட்டர் 700 ஓடினால், கார் ஏற்றும் யூனிட் அவருக்கே பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது. சண்டை போடுவதை விட, உங்கள் போர்ஷனுக்கென்று சொந்த சர்வீஸ் இருக்கும் வீடாகப் பார்த்துக் குடி போவது மேல். அட்வான்ஸ் கொடுக்குமுன் வாடகையைப் பேசுவது போல மீட்டரையும் எண்ணிவிடுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒயரிங்கை உங்கள் செலவில் போட்டு, காலி செய்யும்போது எம்.சி.பி. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று பேசிக்கொள்ளலாம்.

அடுக்குமாடியில் சுலபமாகத் தோன்றும் வழி, கீழே பொது மீட்டரிலிருந்து ஒரு பிளக். பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் 2024 ஜூலையில் யூனிட் 8.55 ஆனது. பத்து வீடு அல்லது அதற்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு 2023-இல் அதைக் குறைத்தார்கள். பணத்தை விட மனஸ்தாபம் பெரிய செலவு. லிஃப்ட் மோட்டாருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பிரித்துக் கட்டுகிற பில்லில் உங்கள் காரும் ஏறிக்கொண்டது என்று தெரிந்தால் அடுத்த அசோசியேஷன் கூட்டம் முழுக்க உங்களைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்குத் தனி ஒயர் இழுப்பது, தூரம் அதிகமானாலும், நிம்மதி. நான்கைந்து பேர் கார் வாங்கிவிட்டால் மட்டும் சேர்ந்து தனி சார்ஜிங் இணைப்பு வாங்குவது அர்த்தமுள்ளது. சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது வசதிக்கென்று, கார் சார்ஜிங்கும் சேர்த்து, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. சங்கச் செயலாளர்கள் பலருக்கு இது எட்டவே இல்லை.

## ஸ்மார்ட் மீட்டர் வந்தால்?

2023-இல் திருத்திய மத்திய விதிகளின்படி, விவசாயம் தவிர எல்லா இணைப்புகளுக்கும் நேரக் கட்டணம் வர வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய பின்தான் அமலாகும். சூரிய நேரத்தில் வழக்கமான கட்டணத்தை விடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 1.1 மடங்கு. அது நம் வீட்டுக்கு வரும் நாளில் பகலில் செருகுபவருக்கு ஆதாயம், மாலை ஏழு மணிக்கு வந்ததும் செருகுபவருக்கு நஷ்டம். இன்று சார்ஜர் வாங்குவதானால் நேரம் குறித்து வைக்கும் வசதி உள்ளதாக வாங்கி வையுங்கள். பல கார்களில் அந்த வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆப்பைத் திறந்து பார்ப்பவர்தான் இல்லை.

பெட்ரோலை மறந்துவிட்டுப் பேசுவது போல இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காரில் 1,000 கிலோமீட்டருக்கு 6,000 ரூபாய்க்கு மேல் ஆகும். மேலே சொன்னதில் வீட்டில் மோசமான வரிசை, யூனிட் 10.13, மாதம் 1,450 ரூபாய். வீட்டு மீட்டருக்கும் தனி சர்வீஸுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மாதம் சில நூறு ரூபாய்தான். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

காந்தி நகர் மாமாவுக்கு வீட்டு உபயோகம் 420 யூனிட், சொந்த மாடி, பகல் முழுக்கக் கார் வாசலில். தனி சர்வீஸுக்கு எழுதிக் கொடுக்கத் தயாராக ஆதார் நகல் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அதை அப்படியே சோலார் விண்ணப்பத்துக்குத் திருப்பிவிட்டோம். அலாரத்தை மட்டும் இன்னும் அணைக்கவில்லை. "பழகிப்போச்சுப்பா, பன்னெண்டு மணிக்குத் தன்னால முழிப்பு வந்துடுது" என்கிறார்.